ஜேம்ஸ் லெக்கின் சீனச் சடங்கு நூல்: வாங்க நினைப்பவர்களுக்கு நகரியிலிருந்து சில வார்த்தைகள்

'லீ ஜி' சீனர்களின் பழைய சடங்கு நூல். ஜேம்ஸ் லெக் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1885-இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். மாக்ஸ் முல்லர் பதிப்பித்த 'சேக்ரெட் புக்ஸ் ஆஃப் தி ஈஸ்ட்' என்ற ஐம்பது தொகுதி வரிசையில் இவை 27-ஆம், 28-ஆம் எண்கள். நான் வாங்கியது நம் நாட்டில் அச்சான மறுபதிப்பு. தபால் செலவோடு சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்தக் காசுக்குத் தாராளமாகத் தகும்.

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி பஜாரில் எங்களுக்குச் சாவுச் சாமான் கடை. கோடித் துணி, கொள்ளிச் சட்டி, மூங்கில், தென்னங்கீற்று, வாய்க்கரிசிக்குப் பச்சரிசி, நெய்ப்பந்தம், பொரி, எள், தர்ப்பை என்று பாடை கட்டுவதிலிருந்து பதினாறாம் நாள் வரைக்கும் வேண்டியதெல்லாம் எங்களிடம் கிடைக்கும். அப்பா ஆரம்பித்த கடை. திருப்பதி எஸ்.வி. யுனிவர்சிட்டியில் எம்.ஏ. வரலாறு முடித்ததும் நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள், பாதிப் பேர் தெலுங்கு. ஒரு வீட்டில் காரியம் என்பார்கள், அடுத்த வீட்டில் பெத்தகர்மா என்பார்கள். சாமான் பட்டியல் கொஞ்சம் மாறும், எதை முதலில் செய்வது என்பது இன்னும் கொஞ்சம் மாறும். அதனால் சடங்கைப் பற்றி யார் எழுதியிருந்தாலும் நான் முதலில் தேடுவது மூன்று விஷயம்: என்ன பொருள், என்ன அளவு, யார் கையால். பெரும்பாலான புத்தகங்களில் 'சடங்கின் தத்துவம்' நிறைய இருக்கும், இந்த மூன்றும் இருக்காது. லெக்கின் புத்தகத்தில் மூன்றும் இருக்கின்றன.

மொழிபெயர்த்தவரைப் பற்றித் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகம் இன்னும் நன்றாகப் பிடிபடும். லெக் 1815-இல் ஸ்காட்லாந்தின் ஹண்ட்லியில் பிறந்தவர். அபர்டீனில் படித்தார். லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பி 1840-இல் மலாக்காவுக்குப் போய், 1843-இல் ஹாங்காங்குக்கு மாறினார். சபை வேலை, பள்ளிக்கூட வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் கன்பூசிய நூல்களை ஒன்றொன்றாக மொழிபெயர்த்தார். முதல் தொகுதி 1861-இல் வந்தது. அச்சுச் செலவுக்கு ஜார்டின் வணிகக் குடும்பம் கைகொடுத்தது. 1862-இல், சீன அரசை எதிர்த்த தைப்பிங் கலகக்காரர்களோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டுக்குத் தப்பி வாங் தாவ் என்ற சீன அறிஞர் ஹாங்காங் வந்து சேர்ந்தார். லெக்கின் மொழிபெயர்ப்பு வேலைக்கு அவர் பெரிய துணை. லெக் ஊருக்குத் திரும்பியிருந்த காலத்தில் ஸ்காட்லாந்துக்கே போய் உடனிருந்து வேலை செய்தார். இப்படிப்பட்ட ஒரு கையின் உழைப்பு இருந்திருக்கிறது என்பதை லெக்கைப் பாராட்டுகிற யாரும் மறக்கக் கூடாது.

1873-இல் சீனாவை விட்டுக் கிளம்புமுன் லெக் பீக்கிங் போனார். அங்கே வானக் கோயிலின் வெட்டவெளிப் பலிமேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கூட வந்தவர்களோடு சேர்ந்து தங்கள் தேவனைத் துதித்துப் பாடினார். கன்பூசியஸின் ஊரான சூஃபூவுக்கும் அந்தப் பயணத்திலேயே போய் வந்தார். 1876-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சீன மொழிக்கு முதல் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு அறுபது வயது. 1897-இல் இறக்கும்வரை அந்தப் பதவியிலேயே இருந்தார். அதாவது, மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயதில்தான் அவருடைய கல்லூரி வாழ்க்கையே தொடங்குகிறது. லீ ஜி வெளிவரும்போது எழுபதைத் தொட்டுவிட்டார்.

அவர் கன்பூசியத்தை மதித்துப் பேசியது சக மிஷனரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1877-இல் ஷாங்காயில் நடந்த மிஷனரி மாநாட்டில் அவருடைய கட்டுரை வாசிக்கப்பட்டது. ஆனால் மாநாட்டு நடவடிக்கைத் தொகுப்பில் அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். தனிப் பிரசுரமாகத்தான் வந்தது. இந்தச் சடங்குகளில் ஒன்றைக்கூட அவர் தன் வீட்டில் செய்திருக்க மாட்டார். தன் மதத்தை விட்டுக் கொடுத்தவரும் இல்லை. இருந்தும் அடுத்தவர் வீட்டு இழவில் எந்த மூலையில் யார் நிற்க வேண்டும் என்பதைப் பிசகாமல் எழுத இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இதனால்தான்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் விவரம். லெக் அங்கே பேராசிரியராக இருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டுக்கு 1880-களின் நடுவில் ஜி.யு. போப் வந்து சேர்ந்தார். தமிழும் தெலுங்கும் கற்றுக்கொடுத்தார். லீ ஜி 1885, போப்பின் திருக்குறள் 1886. ஒரே ஊரில், அடுத்தடுத்த வருஷத்தில். ஆனாலும் முல்லரின் ஐம்பது தொகுதிகளில் ஒரு தமிழ் நூல்கூட இல்லை. சமஸ்கிருதம், பாலி, அவெஸ்தா, அரபு, சீனம் எல்லாம் உண்டு. திருவாசகம் இல்லை, திருவாய்மொழி இல்லை. அலமாரியில் இந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஹான் காலத்தில் தொகுக்கப்பட்ட 49 அத்தியாயங்கள். இரண்டிரண்டாகப் பிரிந்து கிடந்த சிலவற்றை ஒன்றாக்கி லெக் 46 பகுதிகளாக எண்ணுகிறார். தலையில் தொப்பி சூட்டி வாலிபனை ஆளாக்குவது, கல்யாணம், விருந்து, மாதவாரியாக அரசன் செய்ய வேண்டியவை, சமையல் எல்லாமே உண்டு. இருந்தாலும் புத்தகத்தின் உயிர் சாவிலும் துக்கத்திலும்தான் இருக்கிறது. என் தொழிலால் எனக்கு அப்படித் தோன்றுகிறது என்று நினைக்க வேண்டாம். பக்கத்தை எண்ணிப் பார்த்தாலே தெரியும்.

நகரி, புத்தூர் பக்கத்து நெசவாளர்கள் 34-ஆம் பகுதியைக் கட்டாயம் கேட்க வேண்டும். துக்க உடை ஐந்து தரம். உறவு நெருங்க நெருங்கத் துணி முரடாகிறது. தகப்பனுக்காக மகன் உடுத்துவது, ஓரம் மடித்துத் தைக்காத, மூன்று 'ஷெங்' (பாவு இழையை எண்ணும் அளவு) பாவுள்ள துணி. அடுத்த தரத்துக்கு ஓரம் தைக்கலாம், நாலு முதல் ஆறு ஷெங். ஒன்பது மாதத் துக்கத்துக்கு ஏழு முதல் ஒன்பது. ஐந்து மாதத்துக்குப் பத்து முதல் பன்னிரண்டு. மூன்று மாதத் துக்கத்துக்குப் பதினைந்து ஷெங்கில் பாதி இழையை விட்டுவிட வேண்டும். உரைகாரர்கள் கணக்கில் ஒரு ஷெங் 80 இழை. அரசவைக்கு உடுத்திப் போகும் நல்ல துணி 15 ஷெங், அதாவது 1200 இழை. அதே அகலத்தில் தகப்பனுக்கான துக்கத் துணிக்கு 240 இழைதான். நம் பக்கத்துப் பழைய கணக்கில் 120 இழை ஒரு புஞ்சம். அப்படிப் பார்த்தால் நல்ல துணி பத்துப் புஞ்சம், துக்கத் துணி இரண்டு. கடைக்கு வரும் ஒரு வயசான நெசவாளரிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு புஞ்சத்துல நெய்ஞ்சா அது துணியா தம்பி, சல்லடை" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்து, "அதைப் போட்டுக்கிட்டு நடந்தா யாரைப் பறிகொடுத்தவன்னு கேக்கவே வேணாம்" என்றார். அந்த அத்தியாயம் சொல்ல வருவதும் அதேதான்.

இரண்டாம் பகுதியான 'தான் கோங்' தான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னச் சின்ன நிகழ்ச்சிகளாக ஓடும். சீலூ என்ற சீடர் கன்பூசியஸிடம் புலம்புகிறார்: வறுமை எவ்வளவு கொடியது, பெற்றவர்கள் உயிரோடு இருக்கும்போது வைத்துக் காப்பாற்ற வழியில்லை, செத்தால் முறையாகச் செய்ய வழியில்லை என்று. கன்பூசியஸ் சொல்கிற பதில் இது: பருப்புக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்தாலும் பெற்றவர்கள் மனம் நிறைந்தால் அதுதான் பிள்ளைக் கடமை. உடம்பைத் தலையிலிருந்து கால்வரை மூடி, வெளிப்பெட்டி இல்லாவிட்டாலும் சீக்கிரம் அடக்கம் செய்து, வசதிக்கு ஏற்றபடி நடத்தினால் அதுதான் சடங்கு.

இதைப் படித்த பிறகு நான் கடையில் பேசுவதே மாறிவிட்டது. வட்டிக்கு வாங்கிய பணத்தோடு வந்து, "அண்ணா, பெரிசா செய்யணும், இல்லேன்னா சம்பந்தி வீட்ல என்ன சொல்லுவாங்க" என்று நிற்கிற பையன்களை எனக்குத் தெரியும். விற்கிறவன் நானாக இருந்தாலும், "தம்பி, இவ்வளவு போதும், மீதியை அம்மாகிட்ட கொடு" என்று சொல்லிப் பாதிச் சாமானைத் திருப்பி வைத்திருக்கிறேன். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய புத்தகம் பக்கத்தில் இருக்கும் தைரியத்தில்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

இறந்தவரோடு புதைக்கும் பொருள்களைப் பற்றியும் அதே பகுதியில் வருகிறது. மூங்கில் பாத்திரம் உபயோகத்துக்கு ஆகாததாக இருக்க வேண்டும். யாழுக்கு நரம்பு கட்டியிருக்க வேண்டும், சுருதி கூட்டியிருக்கக் கூடாது. மணி இருக்கும், தொங்கவிடச் சட்டம் இருக்காது. இறந்தவரை முழுக்க இறந்தவராகவே நடத்தினால் அன்பில்லை என்று ஆகும், உயிரோடு இருப்பவராகவே நடத்தினால் அறிவில்லை என்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு பொருள் வேண்டும் என்பதால் இப்படி. வாய்க்கரிசியையும் படையல் இலையையும் பற்றி என்னிடம் காலேஜ் பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. கன்பூசியஸ் வளர்த்த நாய் செத்துப்போகிற இடமும் இங்கேதான். கிழிந்த வண்டிக்கூரைத் துணியை எறியாமல் வைப்பது நாயைப் புதைக்க உதவும் என்பதற்காக. கன்பூசியஸோ, நான் ஏழை, என்னிடம் அது இல்லை; ஒரு பாயாவது போடு, அதன் தலை மண்ணில் அழுந்தக் கூடாது என்று சீடரிடம் சொல்லி அனுப்புகிறார்.

28-ஆம் தொகுதியில் ஒரு சிறிய பகுதி இருக்கிறது, எண் 31. வெளியூரில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தி வந்தால் எப்படி ஊர் திரும்ப வேண்டும் என்பதற்கு. செய்தி கொண்டுவந்தவனுக்கு அழுகையாலேயே பதில் சொல்ல வேண்டும். எப்படி நடந்தது என்று கேட்டு மறுபடி அழ வேண்டும். அப்புறம் கிளம்ப வேண்டும். சீனக் கணக்கில் நாளுக்கு நூறு லீ தூரம், இரவில் பயணம் கூடாது. பெற்றவர்கள் சாவுக்கு மட்டும் விலக்கு: விடியற்காலை நட்சத்திரம் மறையுமுன் கிளம்பி, மாலை நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் தங்க வேண்டும். வழியில் ஒரு நாட்டைக் கடந்து எல்லைக்கு வந்தால் அங்கே நின்று அழ வேண்டும். தன் நாட்டின் எல்லை கண்ணில் பட்டதும் அழ வேண்டும். வர முடியாதவன் இருக்கும் இடத்திலேயே முறைப்படி நின்று அழுவதற்கும் விதி உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராத்திரி பஸ் பிடித்து வருகிறவர்கள் ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் போனில் அழுவதை நான் கேட்டிருக்கிறேன். வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகள் வீடியோவில் பார்த்து அங்கேயே தலை முழுகுகிறார்கள். இப்படி வர முடியாமல் போகிறவர்களுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறதே என்று அந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

துக்கம் ஆளைக் கொன்றுவிடக் கூடாது என்பதிலும் நூல் கண்டிப்பாக இருக்கிறது. முதல் மூன்று நாள் உணவில்லை, அப்புறம் கஞ்சி, அடக்கம் முடிந்தபின் முரட்டுச் சோறு, ஒரு வருஷம் கழித்துக் காய்கறி, பழம் என்று படிப்படியாக வரும். ஆனால் உடம்பு சரியில்லாதவன் கறியும் மதுவும் எடுத்துக்கொள்ளலாம். எழுபது வயதானவர் துக்க உடையை மட்டும் உடுத்திக்கொண்டு, வழக்கம்போலச் சாப்பிட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். துக்கத்தைத் தாங்க முடியாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டால் அதுவே பெற்றவர்களுக்குச் செய்யும் குறை. 35-ஆம் பகுதியில் பறவை, விலங்குகள் வருகின்றன. துணையை இழந்த பெரிய பறவை ஒரு மாதமோ ஒரு பருவமோ கழித்துப் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுத்தான் போகும்; சிட்டுக்குருவிகூடக் கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டுத்தான் போகும் என்று. மனிதனுக்கு எல்லையே இருக்காது என்பதால்தான் பெற்றவர்களுக்கான துக்கத்துக்கு மூன்று வருஷம் என்று பெயர் வைத்து 25-ஆம் மாதத்தில் முடித்துவிடுகிறார்கள்.

நூலோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் உண்டு. தகப்பன் உயிரோடு இருந்தால் தாய்க்கு ஒரு வருஷத் துக்கம்தான். வீட்டுக்கு ஒரு தலைதான் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எங்கள் அம்மா போனபோது அப்பா இருந்தார். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சீனாவிலேயே இது நிலைக்கவில்லை. 674-இல் வூ பேரரசி தாய்க்கும் மூன்று வருஷம் வேண்டும் என்று விண்ணப்பம் வைத்தார். 1374-இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் தாயையும் தகப்பனையும் ஒரே தரத்துக்குக் கொண்டுவந்தார். இந்தப் பின்கதை லெக்கின் தொகுதிகளைப் படித்தால் தெரியவராது, வேறு இடத்தில்தான் தேட வேண்டும். பின்காலத்தில் சாதாரணக் குடும்பங்கள் எப்படிச் செய்தன என்று அறிய விரும்புகிறவர்கள், கன்பூசிய அறிஞர் சூ ஷி (1130–1200) எழுதியதாக வழங்கும் குடும்பச் சடங்கு நூலைப் பார்க்க வேண்டும். பட்ரீஷியா எப்ரி என்ற வரலாற்றாசிரியர் அதை 1991-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எரிப்பதா புதைப்பதா, புத்த பிக்குகளைக் கூப்பிடலாமா என்ற சண்டையெல்லாம் அந்தக் காலத்தில் சூடாக நடந்திருக்கிறது. எரிப்பது, பிக்குகளைக் கூப்பிடுவது இரண்டுக்கும் சூ ஷி எதிர்ப்பு.

மறுபதிப்பின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பிரதியைப் படம் பிடித்து அச்சிட்டிருக்கிறார்கள். மேலே உள்ள எழுத்து பரவாயில்லை, அடிக்குறிப்புகள் பல பக்கங்களில் மங்கல். ராத்திரி வெளிச்சத்தில் படிக்க முடியாது. லெக்கின் குறிப்புகள் இல்லாமல் பாதி விஷயம் புரியாது என்பதால் இது பெரிய குறை. பெயர்களை எழுதும் முறையும் முல்லர் காலத்து ஏற்பாடு. இன்றைய புத்தகங்களில் வரும் எழுத்துக்கூட்டலோடு பொருந்தாது. ஒரு தாளில் பெயர்களை இரண்டு விதமாகவும் எழுதி உள்ளே செருகி வையுங்கள். சீன மூலம் இந்தத் தொகுதிகளில் கிடையாது. மூலத்தையும் லெக்கின் ஆங்கிலத்தையும் பத்தி பத்தியாக அருகருகே பார்க்க 'சைனீஸ் டெக்ஸ்ட் ப்ராஜெக்ட்' என்ற இணையதளம் இருக்கிறது. காசு கிடையாது, போனிலும் திறக்கும். காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் பழைய ஆக்ஸ்ஃபோர்டு அச்சின் ஸ்கேனும் இணையத்தில் இலவசம். அதில் அடிக்குறிப்பு என் பிரதியைவிடத் தெளிவாகவே இருக்கிறது.

இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். காரியம் செய்து வைக்கிற ஐயர்களும் பண்டாரங்களும், வரலாறு படிக்கிற பிள்ளைகளும், சமீபத்தில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களும் படிக்கலாம். அரசன் எந்த மாதம் எந்த நிறத்தில் உடுத்த வேண்டும் என்பதெல்லாம் வரும் மூன்றாம், நான்காம் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் போனால் ஒன்றும் குறையாது. பத்தாம் பகுதியில் எட்டு வகை விருந்துப் பண்டத்துக்குச் செய்முறை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். காசு தருமுன் உள்பக்கத்தில் அடிக்குறிப்பு உள்ள ஓர் இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். ஒரு தொகுதிதான் முடியும் என்றால் 27-ஐ வாங்குங்கள், 'தான் கோங்' அதில்தான் இருக்கிறது. நெசவுக் கணக்கும் ஊர் திரும்பும் விதியும் குருவியும் 28-இல். அதை இணையத்தில் படித்துக்கொண்டே பணம் சேர்க்கலாம்.